அவர் எடுக்காமல் விட்ட மூன்றாம் தொகுதி

பழைய இசைத்தட்டு வாங்கும்போது அட்டையை நம்பிக் காசை நீட்டக் கூடாது. கையை உள்ளே விட்டுத் தட்டை வெளியே எடுத்து, நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் படிக்க வேண்டும். அட்டையில் நியூயார்க் தெருவில் தலைகீழாகச் சுழலும் பையன்கள் இருப்பார்கள்; உள்ளே மராத்தி பஜனை இருக்கும். நான் ஒருமுறை அப்படி ஏமாந்து, வீட்டில் ஊசியை வைத்ததும் ஜால்ராச் சத்தம் கேட்டு நின்றிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் அன்றைக்கு ஏக சந்தோஷம்.

அதற்குப் பிறகு அட்டையை மட்டுமல்ல, ஆட்களையும் அப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன். செய்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. புனேவுக்குப் பக்கத்தில் சாகணில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். நல்லது என்று சொல்லி யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும், எங்கே கோளாறு என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தட்டுப் பைத்தியம் தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் படிக்கும்போது பிடித்தது. அப்பாவுக்குத் தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். ஊரே கேசட்டுக்கு மாறி, சிடி எட்டிப் பார்த்த நேரம். தட்டுகள் எல்லாம் ரத்திக் கடைகளுக்குப் பழைய பேப்பரோடு பேப்பராக வந்து விழுந்தன. அப்படிக் கிடைத்த ஒன்றை அட்டைப் படத்துக்காக வாங்கினேன். மெஷின் தாளம், அதன் மேல் ரோபோ பேசுவது போல ஒரு குரல். எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. அம்மா வந்து மிக்ஸி கெட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த இந்தப் பாட்டுகளை லண்டனில் யாரோ பொறுக்கியெடுத்து, எண் போட்ட தொகுதிகளாக வெளியிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரு பாட்டும் நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போய்விடும். புனேவுக்கு இவை எப்படி வந்தன என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள், ஆசிரமத்துக்கு வந்து போனவர்கள் விட்டுப்போனவை என்பார்கள். மூன்றாம் தொகுதி மட்டும் யார் கையிலும் சிக்காது. என்னிடம் இருந்தது. கீறல் இல்லாமல், ஓரம் மடங்காமல் இருந்தது. அதை வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புனேவின் பழைய சாமான் சந்தையான ஜூனா பஜாரில் தட்டுக் கட்டுகளைத் தரையில் விரித்த சாக்கின்மேல் நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கே யாரும் எழுதி வைக்காத ஒரு முறை உண்டு. கட்டின் முன்னால் முதலில் குந்தியவருக்கே முதல் உரிமை. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளியதைத்தான் அடுத்தவர் தொடலாம். இடையில் கையை நீட்டினால் சண்டை.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலைக்குப் புனேவுக்கு வந்து அதிக நாளாகியிருக்கவில்லை. நான் செல்போனில் அம்மாவோடு பேசியதைக் கேட்டுவிட்டு, தமிழா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். அடுத்த கேள்வி என் பேராக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் தொகுதியைக் கண்ணால் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். என்னிடமே இருக்கிறது என்று பெருமையடித்துவிட்டேன். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். எனக்காகக் கட்டின் முன்னால் இடம் விட்டார், அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்தார், என் வேலையைப் பற்றிக் கேட்டார். இத்தனை நல்லவராக ஒருவர் சும்மா இருப்பாரா என்று எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அவருடைய அம்மா கோயம்புத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். பையனுக்கு விருப்பம், உங்களுக்குச் சம்மதமானால் மேற்கொண்டு பேசலாம் என்றார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இவர் கட்டிக்கொள்ளப் போவது என்னையா, என் தட்டையா?

சிரிக்க வேண்டாம். ஒரு தட்டுக்காக நண்பனோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் பயத்தைக் கூட்டியது. பிடிக்காத ஆளாக இருந்திருந்தால் போய்யா என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். தங்கை மகன் ஏறி மிதித்து மூன்றாம் தொகுதி உடைந்துபோயிற்று என்றேன். ஐயோ என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இனி வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

அன்றைக்கு ஒரு புதுக் கட்டு வந்திருந்தது. வழக்கம்போல என்னை முதலில் குந்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புரட்டினேன். நம்மிடம் நல்லபடியாக இருக்கிற தட்டைக் கண்டால் விரல் தானாகவே தள்ளிவிடும். அதற்கு யோசனையே வேண்டாம். அப்படித்தான் ஓரம் நைந்த ஒரு மூன்றாம் தொகுதியைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது. என் தட்டு உடைந்தது உண்மையென்றால் நான் அதன்மேல் பாய்ந்திருக்க வேண்டும்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கை அந்த அட்டையின் மேல் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு அவரும் அதைத் தள்ளிவிட்டார்.

பின்னாலிருந்து வேறொருவர் கை நீட்டி எடுத்துக்கொண்டார். தட்டின் நடுத்துளையில் முள் பொருத்திச் சுவர்க் கடிகாரம் செய்து ஹோட்டல்களுக்கு விற்கிற ஆள். விலை பேசி, பையில் போட்டு, நடையைக் கட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் எதைப் பார்த்தாலும் கோளாறாகத் தெரிந்தது. ஒன்று, அவரிடம் ஏற்கெனவே மூன்றாம் தொகுதி இருக்கிறது. இல்லையென்று இத்தனை நாள் நடித்திருக்கிறார். இல்லாவிட்டால் என் பொய்யைப் பிடித்துவிட்டார். நல்ல தட்டு கல்யாணத்தோடு தானாக வருமே, நைந்ததை எதற்கு வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆள் தேறவில்லை. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில், பெண் பார்க்க அவர்கள் வர வேண்டாம், மாப்பிள்ளை வீட்டை நாம் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். அக்கம்பக்கத்து மராத்திக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கிளம்பினாள்.

புனேவிலேயே ஔந்தில் அவருக்கு வாடகை வீடு. அவர் தானே கிளறிய வெங்காய அவல், காந்தா போஹா வைத்தார். அம்மா சமையலறையைச் சுற்றிப் பார்க்க எழுந்ததும், நான் நேராகத் தட்டு அலமாரிக்குப் போனேன். அந்தத் தொகுதிகள் எண் வரிசையில் நின்றன. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு வெற்று அட்டை செருகியிருந்தது. தட்டு கிடைக்கும் வரை இடத்தைப் பிடித்து வைக்க எங்கள் கூட்டத்தார் செய்கிற வேலை அது. அப்படி வைத்திருக்கிற யாரும், நாளைக்கு நல்லது வரும் என்று கையில் கிடைத்த நைந்ததை விடமாட்டார்கள்.

அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க தள்ளுனப்பவே உங்கது பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சு போச்சுங்க. அதை நான் எடுத்திருந்தா, இதுக்குத்தான் இத்தனை நாளா பின்னால வந்தான்னு நினைச்சிருப்பீங்கள்ல?"

"எடுக்கலைன்னாலும் அப்படித்தான் நினைச்சேன்."

"அது எனக்குத் தோணலைங்க" என்று சொல்லிவிட்டு, டீ பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சு யாருக்கு வராது? நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து காலையில் மூன்றாம் தொகுதியை ஒளித்துவிட்டு, இடத்தில் ஓர் அட்டையைச் செருகி வைக்க எவ்வளவு நேரமாகும்? அலமாரியை நெருங்கி, அந்த அட்டையின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினேன். விரலைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளையோடு நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசாமல், அவர் வீட்டு அலமாரியைத் தடவிக்கொண்டு நின்றேனாம்.

"அப்படி என்னத்தடி கண்டே அங்க?"

"தூசிம்மா. நல்லா கனமா படிஞ்சிருந்துச்சு. சரின்னு சொல்லிரு."