ஆறாவது கேள்வி

அந்தத் தாளில் ஆறு கேள்விகள் இருந்தன. இரவு தூங்கினாரா, மாத்திரை போட்டுக்கொண்டாரா, குளித்தாரா, வேலைக்குப் போனாரா, தனக்குத்தானே பேசினாரா, நடக்காததை நடந்ததாகச் சொன்னாரா. எல்லாம் கன்னடத்தில். ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் வாரத்தின் நாட்களுக்கு ஏழு கட்டங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் கன்னடம் பேசுவார்கள், மார்க்கெட்டில் கன்னடத்திலேயே சண்டையும் போடுவார்கள். ஆனால் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடம் இரண்டாம் மொழி. ஆகவே பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒரு மனிதருக்குப் புத்தி தெளிந்து வருகிறதா என்பதைக் குறித்துவைக்கும் பொறுப்பு, ஐந்தாம் வகுப்புப் படித்த பத்து வயதுப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது.

அந்த மனிதர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். தாத்தாவும் பாட்டியும் போன பிறகு முறைப்படி அவர்தான் வீட்டுக்கு மூத்தவர். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், ஷிஃப்டு முடிந்த பிறகும் உடன் வேலை செய்கிறவர்கள் சுவருக்கு அப்பால் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். வேலை போயிற்று. அதன்பின் எட்டு வருடம் பின்கட்டு அறையில் இருந்தார். கோயில், தர்கா, இரண்டு முறை ஆஸ்பத்திரி எல்லாம் ஆயிற்று. மூன்றாம் முறை அழைத்துப் போனபோது, இங்கே விட்டுப் போகாதீர்கள், நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். அப்படி ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் தாளோடு வந்த ஊழியர்தான் அக்கா.

வியாழக்கிழமை தோறும் ஒரு மொபெட்டில் வருவார். கன்னடத்துக்காரர். தமிழை எங்களிடம் கற்றுக்கொண்டு எங்களிடமே பேசினார். வைத்தியம் ஆஸ்பத்திரியில் பாதி, தெருவில் பாதி என்பது அவர் கட்சி. பெரியப்பாவுக்குத் தெரியாமல் அம்மா மாத்திரையைப் பொடி செய்து சாம்பாரில் கலந்துகொண்டிருந்ததை முதல் வாரமே நிறுத்தினார். "அவர் கையில கொடுங்க. அவர் மாத்திரை, அவரே சாப்பிடட்டும்" என்றார். அடுத்த மாதம் பக்கத்துத் தெரு மாவு மில்லுக்கு நேரே போய்ப் பெரியப்பாவுக்கு வேலை கேட்டார். மில்காரர் பயந்தார்.

"பெல்ட்டுல கைய வுட்டுட்டார்னா யாரும்மா பதில் சொல்றது?"

"நீங்க கூடத்தான் விடலாம். இத்தனை வருஷமா விட்டீங்களா?"

மில்காரர் சிரித்துவிட்டார். பெரியப்பா முதலில் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினார். பிறகு எடை போட்டார். ஐந்தாவது மாதம் மெஷினில் தானியம் கொட்டுவது அவர் கைக்கு வந்தது. காலையில் கோதுமை, அதன் பிறகு அரிசி, கடைசியில்தான் கேழ்வரகு. மாற்றிப் போட்டால் அடுத்தவர் மாவு கறுத்துவிடும். இந்த வரிசையை எந்த அவசரக்காரருக்காகவும் அவர் மாற்றியதில்லை. தெருப் பெண்கள் மில்லுக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணன் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு டப்பாவை இறக்க ஆரம்பித்தார்கள். முதல் ஐந்து மாதத் தாள்களில் ஆறாவது கேள்விக்கு எதிரே நான் போட்டதெல்லாம் 'இல்லை'தான். அத்தை என்னை எங்கள் வீட்டு சி.ஐ.டி. என்று கூப்பிடுவாள்.

அத்தை அப்பாவின் தங்கை. இருபத்தொன்பது வயது, கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. மூன்று முறை பெண் பார்த்துப் போனவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று முறையும் ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தாமல் போயிற்று. அந்த ஒரு வாரத்தில் அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்திருப்பார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொள்வதில்லை. மூன்றாவது முறை அத்தை மட்டும் பின்கட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "எனக்கு ஜாதகத்துல சனி இல்ல. ரூம்ல இருக்கு." உள்ளே பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பாதியில் வைக்கவில்லை. அப்போது அவர் எதையும் கேட்டுக்கொள்கிற நிலையில் இல்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

நான்காவது வரன் அத்திபெலேயிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு ஹார்டுவேர் கடை. பெண் பார்த்த அன்று பெரியப்பா மில்லில் இருந்தார். அது சௌகரியமாகப் போயிற்று. பிடித்திருக்கிறது என்றார்கள். அந்த ஒரு வாரம் ஆரம்பித்தது. அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள்.

சனிக்கிழமை காலை கேழ்வரகு டப்பாவோடு நான் மில்லுக்குப் போனபோது கரன்ட் இல்லை. மெஷின் நின்றிருந்ததால் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது. சஃபாரி சட்டை போட்ட ஒருவர் பெரியப்பாவிடம் எங்கள் வீட்டைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா தலை, புருவம் எல்லாம் மாவு.

"பொண்ணு எப்படிப்பா?"

"தங்கம் சார். வேலைக்குப் போவும், வரும். தெருவுல தலை நிமிந்து பாக்காது."

"மூத்தவர் ஒருத்தர் இருக்காராமே. புத்தி கொஞ்சம்…" அவர் விரலை நெற்றியருகே சுழற்றினார்.

பெரியப்பா முறத்தைத் தட்டிக் கீழே வைத்தார்.

"இருந்தாரு சார். போய்ட்டாரு."

"போய்ட்டாருன்னா?"

"தவறிட்டாரு. எட்டு வருஷம் ஆச்சு."

"அட பாவமே. பொண்டாட்டி, புள்ள?"

"கல்யாணமே ஆகல."

"வேற யாருக்கும் அந்த வீட்ல அந்த மாதிரி…?"

"யாருக்கும் இல்ல சார். அது அவரோட போச்சு."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா என் பக்கம் திரும்பி, எந்த வீட்டுக் குழந்தையிடமும் கேட்பதுபோல், "கேழ்வரகா பாப்பா? வெச்சுட்டுப் போ. கரன்ட் வந்ததும் அரைச்சுடறேன்" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். பொய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நானே தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பொய் சொல்வது புத்தி சரியாக இருப்பவர்கள் செய்கிற காரியம். பெரியப்பா நடக்காத ஒன்றைச் சொன்னால் அதற்கு வேறு பெயர் உண்டு, அதற்கென்று தாளில் ஒரு கட்டமும் உண்டு. ஆறாவது கேள்விக்கு எதிரே சனிக்கிழமைக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன். விவரம் என்ற இடத்தில், "தான் செத்துப் போய் எட்டு வருடம் ஆகிறது என்று சொன்னார்" என்று கன்னடத்தில் எழுதினேன். அம்மா தாளை எடுத்துப் பார்த்தாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயிலிருந்து சம்மதம் வந்தது. கூடவே, மூத்தவர் காலமானதை முன்பே சொல்லியிருக்கலாமே, அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று உரிமையோடு ஒரு கோபமும் வந்தது. அதற்கு அப்பா, "சொல்லிக்கிற மாதிரி விஷயம் இல்லீங்களே" என்று மட்டும் சொன்னாராம். இது பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் கேசரி செய்தார்கள் என்பதுதான். பெரியப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை அக்கா வந்தார். தாளைக் கையில் எடுத்தார். முகம் மாறிற்று. நான் எழுதியிருந்ததைத் தமிழில் சத்தமாகச் சொன்னார். அப்பா, அம்மா, அத்தை மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டுவார் என்று.

"யார்கிட்ட சொன்னாரு புட்டி?" என்று அக்கா கேட்டார். கன்னடத்தில் குட்டிப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மில்லுக்கு ஒருத்தர் வந்து நம்ம வீட்டைப் பத்தி…"

"நீ உள்ள போ" என்றாள் அம்மா. "சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? உள்ள போடி."

நான் கதவருகே நின்றுகொண்டேன். அக்கா பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஹௌதா அண்ணா? அப்படிச் சொன்னீங்களா?"

பெரியப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"ஆமாம்மா. சொன்னேன்."

"செத்துட்ட மாதிரி தோணுதா?"

அவர் கைவிரலில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துவிட்டார்.

"அப்பப்போ."

இது சாதாரணமாக எடுத்துக்கொள்கிற விஷயமில்லை, இப்படி நினைப்பவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்ளலாம், நாளைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார் அக்கா. உண்மையைச் சொல்லி அவரைத் தடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் அக்கா தெரு முழுக்கப் பழகுகிறவர். யாரிடம் எது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. "கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. போகும்போது அக்கா என் தலையைத் தடவி, நல்லவேளை நீ கவனித்தாய் என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்தைக் கூட்டினார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பெரியப்பா ஆமாம் சொன்னார் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. கழுத்து ஒரு பக்கமாக இறுகிற்று, பேச்சு வாய்க்குள்ளேயே உருண்டது. மூன்றாவது வாரம் யாருடைய கோதுமையையோ கேழ்வரகு ஓடிய மெஷினில் கொட்டினார். மில்காரர் தானே வீட்டுக்கு வந்து, "அண்ணன் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பெரியப்பா மறுபடி பின்கட்டுக்குப் போனார்.

கல்யாணம் அத்திபெலேயில் நடந்தது. பத்திரிகையில் மூத்தவர் பெயரையும் போட வேண்டும், அதுதான் மரியாதை என்று மாப்பிள்ளை வீட்டார் வற்புறுத்தினார்கள். 'தெய்வத்திரு' என்று போட்டு அவர் பெயர் அச்சாயிற்று. அந்தப் பத்திரிகையை எங்கள் தெருவில் யாருக்கும் கொடுக்கவில்லை, வாயால்தான் அழைத்தார்கள். மூத்தவர் செய்ய வேண்டிய தாரை வார்ப்பை அப்பா செய்தார். அன்று பெரியப்பாவுக்குச் சாப்பாடு போடப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தோம்.

கல்யாணம் முடிந்தால் சொல்லிவிடலாம் என்று அப்பா ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். கல்யாணம் முடிந்ததும், அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும் என்றார். அக்கா வியாழக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். எங்கே தவறியது என்று தெரியவில்லையே என்று தன் நோட்டைப் புரட்டுவார். பெரியப்பாவுக்கு இன்னும் தான் செத்துவிட்ட எண்ணம் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பக்குவமாகக் கேட்கச் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயங்காலம் பெரியப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அதைக் கேட்டேன். எப்போதும் அவரிடமிருந்து பதில் வர நேரமாகும், சில நாள் வராது. அன்று அவரே என்னை ஒரு கேள்வி கேட்டார்.

"அத்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க பெரியப்பா. குழந்தை பொறக்கப் போவுதாம்."

அவர் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"அப்ப ஆமான்னே எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். ஒரு நாளாவது உடனே பதில் சொன்னாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.