அண்ணன் கால் தரையில் படவில்லை

இன்று அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து, மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள எஸ்டேட் மண்பாதையில் அவருடைய பைக்கை நான் இறக்கினேன்.

நிபந்தனை அவருடையது. "பயந்து நான் ஒரு தடவ கால ஊனுனாலும் போச்சு. நாளையிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நீ ஜீப்புலதான் போகணும்."

ஜீப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வது முதல் மணி அடித்த பிறகு. அங்கே டீச்சர் நான்.

பாதை சரியத் தொடங்கியதுமே அவர் ஆரம்பித்தார். "ஏட்டி, நியூட்ரல்ல போட்டு இன்ஜினை அணை. இறக்கத்துல எவனாவது பெட்ரோல எரிப்பானா?"

இங்கே எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். பாதி வழியில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், தேயிலைச் செடிக்குள் போய் நிற்கிறார்கள். நான் முதல் கியரிலேயே விட்டேன். இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. பிரேக்கை விட்டு விட்டு மெல்லத் தொட்டால் போதுமாக இருந்தது.

இரண்டாவது வளைவில் சரளைக்கல். பிரேக்கைத் தொட்டதும் பின்சக்கரம் சுழலாமல் வழுக்கியது.

"பிரேக்க அமுக்கு! அமுக்குட்டி!"

நான் பிரேக்கை விட்டேன். சக்கரம் மறுபடி உருண்டு மண்ணைப் பிடித்தது. வண்டி நேரானது.

கீழே வந்து நிறுத்தியதும், "இன்ஜின் தன்னால பிடிச்சிருச்சு. நீ என்னத்த செஞ்ச?" என்றார்.

அவர் கால் தரையில் படவில்லை. நாளை நான் பைக்கில்தான் போகிறேன். ஆனால் அவருடைய பத்து விரல்களும் என் தோள்களில் பதிந்திருக்கின்றன. பயந்து கையை ஊன்றியதற்கு அவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.