ஜில்லுச் சர்க்கரை

“வீட்டுல நாய் இருக்கா?”

பிஸ்கட் வாங்க வந்தவர் திகைத்து நிற்கிறார். ஆமாம் என்று தலையாட்டினால் போச்சு, கண்ணாடி அலமாரியின் இடது தட்டு அவருக்குக் கிடையாது. “அப்ப இந்தப் பக்கம் வாங்க. அதுல ஒண்ணு நாய் வாயில போச்சுன்னா உங்களுக்கும் நிம்மதியில்ல, எனக்கும் தூக்கமில்ல” என்று வலது தட்டுக்குத் தள்ளிவிடுவாள் பேக்கரி அக்கா. இடது தட்டுப் பண்டமெல்லாம் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் போட்டவை. நம் பல்லைக்கூடக் கெடுக்காத சாதுவான பொருள்தான், நாய் தின்றால் மட்டும் அதன் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அக்காவின் வாயில் அந்தப் பெயர் நிற்பதில்லை. அவளுக்கு அது ஜில்லுச் சர்க்கரை. பார்வைக்கு அசல் சர்க்கரை, இனிப்பும் அதே அளவு. ஒரு சிட்டிகை நாக்கில் போட்டால் வாயெல்லாம் ஜில்லென்று ஆகிறது. ரத்தத்தில் சர்க்கரையை அவ்வளவாக ஏற்றுவதுமில்லை. ஆனால் அடேயப்பா, அதைக் கட்டி மேய்ப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது! ஈஸ்ட் அதைச் சீண்டவே சீண்டாது. முதன்முதலில் பன்னுக்குப் பிசைந்து வைத்த மாவு பேருக்குக் கொஞ்சம் உப்பிவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது. பிஸ்கட் போட்டால் சிவக்காது.

“கோவமே வராத பொண்டாட்டி மாதிரிங்க. எவ்ளோ சூடு வெச்சாலும் மூஞ்சி செவக்காது” என்பாள்.

“அந்த ரகம் நம்ம வீட்ல வாங்கறதில்ல” என்று உள்ளேயிருந்து அவள் கணவரின் குரல் வரும்.

வயிற்று விஷயத்திலும் அக்கா கறார். “ரெண்டு தின்னா ருசி. கூட நாலு உள்ள தள்ளினா, அப்புறம் பாத்ரூமே கதின்னு கெடக்கணும்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். வெளியூர்ப் பயணம் என்று யாராவது முழுப் பெட்டி கேட்டால் தரமாட்டாள். வியாபாரம் தெரியாதவள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன!

இத்தனையும் அவள் கற்றுக்கொண்டது அந்த மனுஷனுக்காக. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள மாடியெல்லாம் ஏறி இறங்கும் காலில், கட்டைவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்ன அன்று, அக்கா பேக்கரி அடுப்பின் முன்னால் நின்றபடியே அழுதாள். இனிப்பில்லாமல் அவரால் இருக்க முடியாது, அவரில்லாமல் அவளால் இருக்க முடியாது.

அவரோ இடது தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெளுத்தது மருந்து, செவந்ததுதான் பிஸ்கட்” என்பது அவர் சட்டம். அக்கா மாவில் கை வைத்திருக்கும் நேரம் பார்த்து வலது தட்டில் கைவரிசை காட்டுவார். அவள் திட்டினாள், கெஞ்சினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகுதான் அவளும் கள்ளத்தனத்தில் இறங்கினாள். பாதாம் மாவு, ஜில்லுச் சர்க்கரை. அந்த ஜில்லிப்பு வெளியே தெரியாதிருக்கச் சுக்கு. மேலே பாலில் துளி காபித்தூள் கலந்து பூச்சு. வெந்து வந்தது பாருங்கள், பொன்னாகச் சிவந்து! அதை ஒரு தகர டப்பாவில் போட்டு, பின்கட்டு அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டு, அவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னாள்: “வெளி ஆர்டருங்க. சுத்தமான சர்க்கரை. தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!”

அவ்வளவுதான், மனுஷன் வலது தட்டை மறந்தே போனார். ஸ்டூலைப் போட்டு ஏறுவதும், டப்பா மூடி திறப்பதும் அடுப்புக்கு முன்னால் நிற்கும் அவளுக்குக் கேட்கும். புண் காலோடு ஏறுகிறாரே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் திரும்பமாட்டாள். எத்தனை தின்றார் என்பதைப் பாத்ரூம் கதவு சொல்லிவிடும்.

“என்னமோ தெரியல, வயிறு கலகலங்குது.”

“வெயிலுங்க” என்பாள் அக்கா.

போன வாரம் பரிசோதனைக்குப் போய்விட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “சர்க்கரை எறங்கிடுச்சாம். புண்ணும் காயுதாம். வெரலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுட்டார்.” அக்கா மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

அவர் குறும்பாகச் சிரித்தார். “உண்மையச் சொல்லட்டா? அந்த டப்பாவுல தினமும் எடுத்துத் தின்னேன். சர்க்கரை என்னை என்ன பண்ணிடுச்சு, சொல்லு!”

உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. மருந்து என்று தெரிந்தால் நாளைக்கே தொடமாட்டார். தெரியாவிட்டால், சர்க்கரை தன்னை ஒன்றும் செய்யாது என்ற தைரியத்தில் கண்ட கடையிலும் கை வைப்பார். அக்காவுக்குப் பகீரென்றது.

“திருட்டு மனுஷா! இந்தத் தைரியத்துல வெளிய எங்கயாச்சும் தின்னு வெச்சீங்களா?”

“வெளிய எதுக்குத் திங்கணும்? உன் கைப்பக்குவம் எவனுக்கு வரும்?” என்றபடி அவர் முகம் கழுவப் போனார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அக்கா எழுந்தாள். ஸ்டூலில் ஏறி டப்பாவை இறக்கினாள். அவர் ஏறாமலே எட்டும் கீழ்த்தட்டில், மாவுப் பைகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பதுபோல் வைத்து, மூடியை லேசாகத் தளர்த்திவிட்டாள்.