சாம்பல் வீட்டில் மஞ்சள் ஓரங்கள்

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபின் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் மிஞ்சிய கப்பல் பெயின்ற்றை ஏலத்தில் விட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் அதை வாங்காத வீடில்லை. உப்புக் காற்றுக்கு அதுதான் நின்றுபிடிக்கும் என்று என் கணவரும் வாங்கிவந்து, சுவர், கதவு, நிலை, அலுமாரி, கதிரைக் கால் வரை ஒரே சாம்பல் நிறமாக அடித்துவிட்டார். வீட்டு நிலமும் ஏற்கெனவே சாம்பல் சீமெந்து. விறாந்தைக்காவது இளம்பச்சை அடிக்கலாம் என்றேன். கேட்டால்தானே! கப்பலுக்குள் குடித்தனம் நடத்துவதுபோல வருடக்கணக்காக நடத்தினேன்.

ஐம்பது தாண்டியதும் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. கண் நரம்பு பட்டுப்போகிறது, ஒப்பரேசனால் பயனில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் அந்தப் பெயின்ற் தன் வேலையைக் காட்டியது. சுவர் எங்கே முடிகிறது, வாசல் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. குசினிக்கு இறங்கும் படியில் விழுந்து விழுந்து முழங்கால் ஆறவே இல்லை. தண்ணீர் குடிக்க, கிணற்றடிக்குப் போக, கதிரையைத் தேட, எல்லாவற்றுக்கும் என் கை வேண்டும். "இஞ்சேரும்" என்று அவர் கூப்பிடும் சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு சோர்ந்துவிடும். அவருக்கும் வெட்கம்தான். என் கையைப் பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் காலை, காய்ந்த சேலையை மடிக்கக்கூடத் தெம்பில்லாமல் குசினிக் கதவில் போட்டேன். மஞ்சள் சேலை. அவர் கதிரையில் இருந்தபடியே, "உதென்ன கதவில மஞ்சளாக் கிடக்கு?" என்றார். மஞ்சள் அவருக்குத் தெரிகிறது! பிறகு அலுமாரியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக் கேட்டேன். பச்சை தெரியவில்லை. நீலம் சந்தேகம். என் கூறைச்சேலையையும் போட்டுப் பார்த்தேன். நல்ல அரக்குச் சிவப்பு.

"இது தெரியுதோ?"

"இருட்டாக் கிடக்கு. கறுப்புத் துணியோ?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம். கடையில் பெயின்ற் இல்லை. கரைக்குப் போய், வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளை ஒரு மீன்பிடிக் குடும்பத்திடம் கேட்டு வாங்கிவந்தேன். வீட்டில் அவர் சம்மதிக்கவில்லை.

"வாறவை போறவைக்கெல்லாம் கண் தெரியாதவன்ர வீடெண்டு காட்டப்போறீரோ?"

"உங்களைத் தூக்கித் தூக்கி என்ர இடுப்பு முறிஞ்சுபோச்சு. எனக்கு இனி ஏலாது."

மஞ்சளை எடுத்துக்கொண்டு படியடிக்குப் போனேன்.

வீடு முழுவதும் மஞ்சள் பூசினால் பழையபடி எல்லாம் ஒன்றாகிவிடும். ஆகவே படியின் விளிம்பு, வாசல் நிலைகள், அவருடைய கதிரையின் கை, குசினியில் தண்ணீர்க்குடம் வைக்கும் பலகை வாங்கின் ஓரம், இவற்றுக்கு மட்டும் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "வீடோ, வள்ளமோ?" என்று சிரித்தாள். "கடலுக்குத் தள்ள ஆள் தேடுறன், வாறீரோ?" என்றேன்.

பெயின்ற் காய்ந்த மறுநாள் பின்னேரம் அவர் யாரையும் கூப்பிடாமல் எழுந்தார். நான் விறாந்தைச் சுவரோரம் நின்றிருந்தேன். உதவிக்கு ஓடிவிடாமல் இருக்கச் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாசலைக் கண்டுபிடித்தார். படியின் ஓரத்தைக் காலால் ஒருமுறை தடவி இறங்கினார். தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

திரும்பி வந்தவர் என்னைத் தொட்டும் தொடாமலும் கடந்துபோய்க் கதிரையில் இருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு. கிணற்றடிப் பக்கம் திரும்பி, உரத்த குரலில் கேட்டார்.

"இஞ்சேரும், எங்க நிக்கிறீர்? நான் தனியப் போய் வந்தனான், கண்டனீரோ?"

வெளிறிப்போன பழைய சேலையோடு, அந்தச் சாம்பல் சுவரோடு சுவராக நான் அவருக்கு முன்னால்தான் நின்றேன்.

"கண்டனான்."

திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு கிட்டவோ நிண்டனீர்?"

"ஓம்" என்றேன். இறுகப் பிடித்திருந்த சேலைத் தலைப்பை அப்போதுதான் விட்டேன்.