வாய்க்குள் போன நண்டு

நண்டு வேகும் வாசனை வந்தால் இன்றும் எனக்குக் குமட்டும். ஏரிக்கரையில் பிறந்து, சேற்றில் கைவிட்டு இறாலும் நண்டும் தடவிப் பிடித்து வளர்ந்தவளுக்கு வரவேண்டிய நோயில்லை இது. கோட்டைக்குள் நான் சமையல் வேலை பார்த்த வீட்டுப் பாதிரியாரால் வந்தது. அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரர்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நான் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு பாதிரியார் வீட்டுச் சமையலுக்குப் போய்விட்டேன். அக்கா தன் சாமிகளோடும் புருஷனோடும் குப்பத்திலேயே இருந்தாள். பாதிரியாருக்குத் தமிழ்ப் பித்து. வேதத்திலுள்ள பழமொழி, உவமை, விடுகதை எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். காலையில் காகிதமும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நிற்பார். ஒன்றை வாசித்து, "இதற்கு அர்த்தம் என்ன?" என்பார். நான் வாய் திறந்தால் போதும், விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒருநாள் வலை உவமை வந்தது. பரலோக ராஜ்யம் கடலில் போட்ட வலையைப் போலவாம். எல்லா வகை மீனும் விழுமாம். கரையில் உட்கார்ந்து நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிந்துவிடுவார்களாம்.

"எறியறதா? எவன் ஐயா எறிவான்? ஆவாதத காயவெச்சா கருவாடு. அதுக்கும் ஆவலன்னா தென்னைக்கு உரம்" என்றேன்.

அன்று மதியம் மேஜையில் அந்தப் பேச்சுதான். அவர்கள் பாஷை எனக்குப் புரியாது. ஆனால் என் பக்கம் திரும்பித் திரும்பிச் சிரித்தால் புரியாமலா போகும்? அவர்கள் சோற்றுக்கு என் புத்தி ஊறுகாய் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் வாடைக்காற்றில் அக்கா புருஷன் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள், அவர் வரவில்லை. மறுநாளே கப்பல் ஒன்று வந்து நின்றது. சரக்கு ஏற்றி இறக்கி முடியும்வரை குப்பத்துப் படகு எதுவும் முகத்துவாரம் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று கோட்டையிலிருந்து தண்டோரா போட்டுவிட்டார்கள். தேட வேண்டிய இடமே அதுதான்.

நான் போனபோது அக்கா கரையில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ வாடிக் கிடந்தது. எடுக்கவும் மனமில்லை, புதிதாக வைக்கவும் மனமில்லை.

"ஒடம்பு வராம எப்பிடிடீ அழுவறது? நான் அழுதா அவரு செத்துட்டாருன்னு ஆயிடுமே. நீ கோட்டையிலதான கீற. தேடறதுக்கு ஒரு படக வுடச் சொல்லிக் கேளேன்" என்றாள்.

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தால், கூடை நிறைய நண்டு கிடக்கிறது. கப்பல் தலைவனுக்கு மதியம் விருந்தாம். கோட்டைச் சேவகன் கொண்டுவந்து கொட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தான். எங்கே பிடித்தது என்று கேட்டதற்கு, "முகத்துவாரத்துல, கப்பல் பக்கமா" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஒரு ஆளை எடுத்துக்கொண்டால், உடம்பு கிடைக்கும்வரை யார் வீட்டிலும் நண்டு சமைக்கமாட்டார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நண்டு எதைத் தின்னும் என்று தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டாம்.

பாதிரியாரிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். தண்ணீரில் ஆள் போயிருக்கிறது, இப்போது நண்டு ஆகாது, தீட்டு என்றேன். அவர் முகத்தில் பாடம் நடத்துகிற களை வந்துவிட்டது. விரலைத் தூக்கி, "வாய்க்குள்ளே போவது மனுஷனை அசுத்தப்படுத்தாது, வாயிலிருந்து வருவதே அசுத்தப்படுத்தும். இது ஆண்டவர் சொன்னது. இதற்கு அர்த்தம் என்ன?" என்றார்.

"வாயிலேர்ந்து வர்றதுன்னா... வாந்திங்களா ஐயா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே நண்டை மிளகு போட்டுச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தேன். முடியாது என்று நின்றிருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பார்கள். அப்புறம் அக்காவுக்காகப் படகு கேட்க எந்த வாசலில் நிற்பேன்? வயிறு நிறைந்த மனுஷனிடம் கேட்டால் காரியம் ஆகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விருந்தில் கப்பல் தலைவன் நண்டு ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். இரண்டாவது தட்டை வைக்கப் போன என்னைப் பாதிரியார் நிறுத்தினார். வேதத்தில் கல்யாண விருந்தில் போட்ட ஒரு விடுகதை உண்டாம். அவிழ்த்தால் கேட்டதைத் தருவாராம். எல்லாரும் இப்போதே சிரிக்கத் தயாராக என்னைப் பார்த்தார்கள்.

"தின்கிறவனிடமிருந்து தின்பண்டம் வந்தது. பலமுள்ளவனிடமிருந்து இனிப்பு வந்தது. அது என்ன?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தட்டு நிறைய அதுதான் இருந்தது.

"நண்டு, ஐயா."

"நண்டா? எப்படி?"

"தண்ணில செத்தவங்கள அது துன்னுது. அத்த நீங்க துன்றீங்க. கொடுக்குல பலம், சதை இனிப்பு. எங்க அக்கா வூட்டுக்காரரு முகத்துவாரத்துல முழுகி இன்னும் ஆப்புடல. இதுங்களும் அங்க புடிச்சதுதான். தேடறதுக்கு ஒரு படகு வுடச் சொல்லுங்க ஐயா."

பாதிரியார் பழக்க தோஷத்தில் பாதியை அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். கப்பல் தலைவன் வாயிலிருந்ததைத் தட்டில் துப்பினான். ஒரு துரைசாணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். நான் அசையாமல் நின்றேன். எனக்கு அந்த மேஜை, அந்த ஓடுகள், எண்ணெய் வழிந்த அந்த வாய்கள் எல்லாமே அருவருப்பாக இருந்தன.

கடைசியில் பாதிரியார், "அது விடையல்ல" என்றார். பலசாலி ஒருவன் சிங்கத்தைக் கொன்றானாம். பிறகு அந்தச் செத்த உடம்புக்குள் தேனீ கூடு கட்டியிருந்ததாம். அவன் தேனை எடுத்துத் தின்று, அம்மா அப்பாவுக்கும் கொடுத்தானாம். எங்கிருந்து வந்தது என்று சொல்லவே இல்லையாம்.

"சொல்லாமலா குடுத்தான்? கருமம்!" என்றேன். நானாவது சொன்னேனே.

அன்று சாயங்காலமே தடை நீங்கியது. குப்பத்துப் படகு போகலாம் என்று சேவகன் வந்து சொன்னான். பாதிரியார்தான் கோட்டைத் தலைவரிடம் பேசினாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சிரித்தாலும் மனுஷன் மனசு இளகியதே என்று அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கோட்டை இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

மறுநாள் காலையில் மணல்திட்டு ஓரத்தில், தன் வலையே சுற்றிக்கொண்ட நிலையில் அக்கா புருஷன் கிடைத்தார். நண்டு விட்டுவைத்தது என்ன என்பதை நான் சொல்லமாட்டேன். அக்கா வேட்டியின் கரையைப் பார்த்து அடையாளம் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். அவ்வளவு நாள் அடக்கிவைத்த அழுகை குப்பம் முழுக்கக் கேட்டது. தாலியை வாங்கினார்கள், காரியம் முடிந்தது.

நான் கோட்டைக்குத் திரும்பி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பாதிரியார் வாசலில் வந்து நின்றார். துக்கம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா?" என்றார்.

"கெடைச்சிட்டாருங்க ஐயா."

"நல்லது, நல்லது. உங்கள் வழக்கப்படி பார்த்தாலும் இனித் தடையில்லை. கப்பல் தலைவர் போவதற்குள் ஒருமுறை நண்டு செய்துவிடலாம்தானே? அதற்காகத்தான் படகு விடும்படி நானும் வற்புறுத்தினேன்."

அவர் குரலில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. என் வழக்கத்துக்கு மரியாதை செய்துவிட்டதாகவே நினைத்து நின்றார். அக்கா போட்ட கும்பிடு ஞாபகம் வந்தது. அவர் வாயையே பார்த்தேன்.

"ஐயா, அன்னிக்கு அர்த்தம் கேட்டீங்களே. வாய்க்குள்ள போறது அசுத்தம் இல்ல, வாயிலேர்ந்து வர்றதுதான்னு. அது இன்னான்னு இப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

அவர் முகம் மலர்ந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, காகிதத்தை எடுத்து முழங்காலில் விரித்துக்கொண்டு, "சொல், சொல், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.