ரேகை விழுந்த நாள்

பீங்கான் பொம்மைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து, எங்கள் பட்டறைப் பெண்கள் யாருக்கும் விரலில் ரேகை மிஞ்சவில்லை. ரேஷன் கடை மெஷினே எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால், அரசாங்கம் விவசாயிகளுக்குப் போடும் உதவித்தொகை என் கணக்கில் வராமல் நின்றபோது எனக்கு வேறு சந்தேகமே வரவில்லை. பாழாப்போன விரல், வேறென்ன!

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் எனக்கு அரை ஏக்கர் இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு என் பேருக்கு வந்தது. உளுந்து போடுவேன். அது இருக்கிற தைரியத்தில்தான் பட்டறை மேஸ்திரி குரலை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். பக்கத்து வயல் என் மச்சாண்டாருடையது, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுடையது. பயிர்க் காப்பீடு மாதிரி என் காகித வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பார்.

விருத்தாசலத்தில் இ-சேவை மையத்துக்குப் போனேன். மெஷின் என் விரலை ஏற்கவில்லை. மச்சாண்டாரிடம் புலம்பினேன்.

"ஒனக்கு ரேகை தேஞ்சிடுச்சும்மா. அவசரப்படாத. தோலு வளரட்டும், அப்பறமா போ" என்றார்.

சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்காத மனுஷன், அன்று முதல் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ரேகை விழுந்துச்சாம்மா?" என்று கேட்பார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

ஒரு நாள் என் வரப்பில் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். ஒருவர் என் வயல் மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, திரியாக உருட்டி வளைத்துப் பார்த்தார். அது விரிசல் விடவில்லை. பொம்மைக்கு ஆகும் மண்ணா என்று எங்கள் பட்டறையில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"யாருங்க?"

"அண்ணன் நெலத்தப் பாக்க வந்தோம்மா."

"மச்சாண்டாரு நெலம் அந்தாண்ட இருக்குது. இது என்னுது."

இருவரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். மச்சாண்டாரிடம் கேட்டதற்கு, "வரப்பு தெரியாம வந்துட்டாங்கம்மா" என்று சிரித்தார். நானும் நம்பினேன், மண்டு!

வேலைக்கு லீவு போட்டு, விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். "கல்யாணப் பொண்ணாட்டம் கையப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கா" என்று பட்டறைக்காரிகள் கேலி செய்தார்கள்.

மறுபடி மையத்துக்குப் போனேன். கட்டை விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அடி ஆத்தாடி, எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே கைதட்டிவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சிரிக்கவில்லை.

"அக்கா, ரேகை விழுந்துடுச்சு. ஆனா ஒங்க பேருல நெலமே இல்லன்னு வருதே."

"நல்லாப் பாரும்மா."

"பட்டா வேற பேருக்கு மாறியிருக்குதுக்கா. அதனாலதான் பணம் நின்னுபோச்சு. வெரலுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல."

பேரைப் படித்தாள். மச்சாண்டார் பேர். பயிர்க் காப்பீட்டுக்கு என்று சொல்லி அவர் என்னிடம் கையெழுத்து வாங்கியது அப்போதுதான் உறைத்தது. விரலைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவருக்கு லாபமாகப் போயிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வயலுக்கு ஓடினேன். பூ விட்டிருந்த என் உளுந்துக்கு எதிரே ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. பின்னால் மண் அள்ள லாரிகள். வரப்பில் மச்சாண்டார். என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை.

நானே சொன்னேன். "ரேகை விழுந்துடுச்சு மாமா."

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"நீ வெட்டுப்பா."

நான் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, உளுந்துக்குள் இறங்கி வண்டிக்கு நேராக நடந்தேன்.