காத்தக்காவின் ஒற்றைச் சொல்

"எங்களுக்குக் கல்யாணம் ஆன கதை தெரியுமா உனக்கு?" என்று மாமா கேட்டார்.

நான் மொழிபெயர்த்த நாடகத்தைக் கொடுக்க முதல் தடவையாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின் மனைவி என் அண்ணிக்கு அக்கா முறை. அந்த வகையில்தான் அவர் எனக்கும் அக்கா, அவர் கணவர் எனக்கு மாமா. முன்னறை முழுக்க மின்விசிறிகள் கிடந்தன. இறக்கை கழற்றியவை, இறக்கை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தவை, சுற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தவை. விசிறி பழுதுபார்ப்பது மாமாவின் பிழைப்பு. அதுபோக மிஞ்சும் மூச்சில் நாடகக் கம்பெனி நடத்திவந்தார்.

தெரியாது என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார். ஒருநாள் அக்காவின் அப்பா வீட்டில் விசிறி சுற்றவில்லை என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் ஏணியில் நின்று திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கிறார். கீழே அக்கா வந்து நின்று "க... க..." என்கிறார். அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். பெண் திணறுவது பொறுக்காமல் இவர் எடுத்துக் கொடுக்கிறார்: "கல்யாணமா? எனக்கு இன்னும் ஆகலங்க."

"அவ்வளவுதான். மூணாம் மாசம் கல்யாணம்" என்று மாமா முடித்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கிசுகிசுப்பாக, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார்: "கரண்டு போயிடுச்சுன்னு சொல்ல வந்தேன்."

"அப்ப திருத்தியிருக்கலாமே அக்கா?"

"அதுக்குள்ள அவரு ஏணிமேலயே சிரிச்சிட்டாரு. பாக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"கரண்டு இல்லாத விசிறியை முக்கால் மணி நேரம் பழுது பாத்திருக்கேன்" என்றார் மாமா, பெருமையாக.

கிசுகிசுப்பில் அக்காவுக்குத் திக்காது. குரல் எழுப்பாமல் வெறும் மூச்சில் பேசினால் எந்தச் சொல்லும் அவருக்கு வசப்படும். அதனால்தான் கம்பெனியில் வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை அவருடையது. மேடையின் இடப்பக்கம் திரைக்குப் பின்னால் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நடிப்பவர் யாராவது வரியை மறந்து நின்றால், அடுத்த கணமே அது காற்றில் வந்து அவர் காதில் விழும். முன்வரிசையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. கம்பெனி ஆட்கள் அவருக்குக் காத்தக்கா என்று பெயர் வைத்தது இதனால்தான்.

அரங்கம் என்று சொல்லிக்கொள்வது ஒரு சைக்கிள் கடையின் மாடி. படி ஏறும்போது ரப்பர் வாசனையும் எண்ணெய் வாசனையும் கூடவே ஏறும். மேலே மடக்கு நாற்காலிகள், பலகை அடித்த சின்ன மேடை, பழைய ஜன்னல் திரைகளை ஒட்டித் தைத்த ஒரு பெரிய திரை. மேடை விளக்கை மாமா ஒரு பழைய விசிறி ரெகுலேட்டரோடு இணைத்திருந்தார். குமிழைத் திருப்பினால் வெளிச்சம் படிப்படியாகக் குறையும். அந்தக் குமிழும் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு கை வசன ஏட்டில், ஒரு கை குமிழில். சாயங்கால வெயில் மேற்கு ஜன்னலின் இடுக்கு வழியாக வந்து அந்த நாற்காலியின் காலடியில் மட்டும் விழும். ஒத்திகை நேரங்களில் நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூசி அதில் ஏறி இறங்கும். அக்காவின் உதடுகள் எல்லாருடைய வசனத்துக்கும் அசைந்துகொண்டே இருக்கும். ராஜாவுக்கும், திருடனுக்கும், அழுகிற மருமகளுக்கும் ஒரே உதடு. மத்தியானம் கண்ணயரும்போதுகூட அப்படி அசையும் என்று மாமா சொல்வார். "பக்கத்துல படுத்தா எனக்குக் கனவுல வசனம் மறக்கறதே இல்ல."

கம்பெனியில் ஒரு கட்டளை உண்டு. மேடையில் மௌனம் விழக் கூடாது. யாராவது நின்றுவிட்டால், காத்தக்காவோ எதிரில் நிற்பவரோ உடனே தாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்ததை வாங்கு, யோசிக்காதே. கம்பெனி நடிகர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் ஒருமுறை தன் வரியை விட்டு, கடையில் சொல்லும் வழக்கத்தில், "சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேளை" என்று வில்லன் குரலில் சொல்லிவிட்டார். எதிரில் நின்ற தையல்காரம்மா சற்றும் தயங்காமல் "விஷத்தையா?" என்று கேட்டு நாடகத்தைக் காப்பாற்றினார். சபை நடுங்கியது.

நான் கொண்டுபோன நாடகம் சிறியது. கணவன் ஒருவன் வீட்டைவிட்டுப் போக முடிவெடுத்துப் பெட்டி கட்டுகிறான். மனைவி நாடகம் நெடுக அவன் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், அதிகம் பேசுவதில்லை. கடைசியில் அவன் வாசலில் பெட்டியோடு நிற்கும்போது ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: போகாதீங்க. அவன் பெட்டியைக் கீழே வைக்கிறான். விளக்கு அணைகிறது. கணவனாக மாமா. மனைவியாகத் தையல்காரம்மா.

முதல் காட்சியன்று தையல்காரம்மாவுக்குச் சைக்கிள் கடைப் படியில் கால் இடறிக் கணுக்கால் பிசகிவிட்டது. கால் பூசணிக்காயாக வீங்கியது. நாடகத்தைத் தள்ளிப்போடலாமா என்று மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, அக்கா எழுந்து போய்த் தையல்காரம்மாவின் மேடைப் புடவையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுப் பார்த்தார். மாமாதான் மெதுவாகக் கேட்டார்: "உன்னால ஆகுமா?" அக்கா தலையசைத்தார். அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

சின்னச் சின்ன வரிகள் எப்படியோ வந்துவிட்டன. சிலது இரண்டு முயற்சியில், சிலது மூச்சோடு சேர்ந்து. துணி மடிக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குரலைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. உண்மையில் அந்தக் கைகளைப் பார்த்தால் வேறெதையும் கவனிக்கத் தோன்றாது. சட்டையின் காலரை அவர் நீவிய விதம், சட்டைக்குள் இன்னும் ஆள் இருப்பதுபோல இருந்தது.

கடைசியில் மாமா பெட்டியோடு வாசலில் நின்றார். அக்கா நிமிர்ந்தார். "போ..." என்றார். நின்றது. "போ... போ..."

நான் ஏட்டைப் பார்த்தேன். எடுத்துக் கொடுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? சொல் அவருக்குத் தெரியும். மாமாவின் முகத்தில் வியர்வை மின்னியது. மௌனம் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, அன்று ஏணிமேல் செய்ததையே மேடையிலும் செய்தார்.

"போகச் சொல்றியா? சரி. போறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார். அக்கா கையில் ஒரு துண்டோடு தனியாக நின்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. குமிழைத் திருப்பினேன்.

கைதட்டல் எழுந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளை மடித்து அடுக்கும்போது மருந்துக்கடைக்காரர், இந்த முடிவுதான் சரி, அசலைவிட இது கனம், பேசாமல் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். மாமாவுக்கும் அதே நினைப்பு. அக்கா மட்டும் புடவையை மாற்றாமல் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. நாடகம் முதலில் எழுதப்பட்ட மொழியில் வேண்டாம் என்பது முதலில் வந்துவிடும், போவது அப்புறம்தான் வரும். அந்த மொழியில் அக்கா சிக்கியிருந்தால்கூட மறுப்பில்தான் சிக்கியிருப்பார், கணவன் நின்றிருப்பான். நம் மொழியில் மறுப்பு வாலில் இருக்கிறது. பாதியில் நின்றால் நேர் எதிராகிவிடுகிறது. மறுநாளே போய்ச் சொல்லை மாற்றித் தருவதாகச் சொன்னேன். "'இருங்க'ன்னு வச்சுக்கலாம் அக்கா. உயிரெழுத்துல ஆரம்பிக்குது, சுலபமா வரும்."

அவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "இருங்க." வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் உதட்டைப் பிதுக்கிக் கிசுகிசுத்தார்: "இது வீட்டுக்கு வந்தவங்ககிட்ட சொல்றது. காப்பி போட்டுட்டு வரேன், இருங்க."

மாமா ஒரு விசிறியின் செம்புக் கம்பிச் சுருளை அவிழ்த்துக்கொண்டே, எதற்கு இந்த வம்பு, அடுத்த வாரமும் தன் முடிவையே வைத்துக்கொள்ளலாம், சபைக்குப் பிடித்திருக்கிறதே என்றார். அப்போது அக்கா குரலெடுத்துப் பேசினார். அந்த 'இருங்க'வைத் தவிர, வீட்டுக்குள் அவர் கிசுகிசுக்காமல் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"நா... நான் போ... போ..."

மாமாவின் வாய் திறந்தது. அக்கா உள்ளங்கையை உயர்த்தினார். மாமாவின் வாய் அப்படியே நின்றது.

"...போகச் சொல்லல."

"நாடகத்துலதானே" என்றார் மாமா.

"எல்லாரும் எ... எடுத்துக் குடுக்கறீங்க. நல்ல மனசோடதான். கடையில நீலம் கேக்கப் போய்ப் பச்சையோட வரேன். பஸ்ஸுல வேற ஊருக்கு டிக்கெட் வாங்கியிருக்கேன். அது ப... பரவாயில்ல. இது என் வரி. நானே சொ... சொல்லணும்."

மாமா சுருளைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அத்தனை பேர் முன்னாடி நீ கஷ்டப்படறத என்னால பாக்க முடியல."

"பா... பாக்காதீங்க. கேளுங்க."

பழுது பார்த்து முடித்திருந்த ஒரு விசிறி மூலையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்றில் நான் கொண்டுபோயிருந்த தாள்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கிப் பார்த்துப் படுத்தன.

அடுத்த வாரம் அதே நாடகம், அதே நாற்காலியில் நான். யாரும் எதையும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை என்று மாமா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். தையல்காரம்மா கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். துணிகள் மடிக்கப்பட்டன. பெட்டி மூடியது. மாமா வாசலில் போய் நின்று, இம்முறை திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"போ..."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். புஸ், புஸ் என்ற அந்தச் சத்தம் பலகை வழியாக ஏறி வந்தது.

"போ... போ..."

என் எதிரில், அந்தப் பக்கத்துத் திரை மறைவில் நின்ற மருந்துக்கடைக்காரரின் உதடு சொல்லைக் கவ்விக்கொண்டு துடித்தது. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கீழே காற்றடிப்பது நின்றது. மௌனம் கூடத்தில் ஒவ்வொரு வரிசையாக உட்கார்ந்துகொண்டே வந்தது. யாரும் இருமவில்லை. சற்று நேரத்தில் அது தடங்கலாகவே தெரியாமல் போயிற்று. ஒரு பெண் தன் கணவனை நிறுத்தும் சொல்லைத் தேடி வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டுக்கொண்டே வருகிறாள், நாங்கள் வாசலில் நின்று அந்த வெளிச்சங்களைப் பார்க்கிறோம் என்பதுபோல இருந்தது. எனக்குக் குமிழின்மேல் இருந்த கை மரத்துவிட்டது.

"போகாதீங்க."

பெரிய குரல் இல்லை. ஆனால் கடைசி எழுத்துவரை அவர் குரல்.

மாமா பெட்டியைக் கீழே வைத்திருக்க வேண்டும். மறந்துபோனார். பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். நான் விளக்கைக் குறைத்தேன். முழு இருட்டான பிறகுதான் பெட்டி தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

கைதட்டல் போன வாரத்தைவிடக் குறைவுதான். ஒருவர் படியிறங்கும்போது, கடைசியில் வசனம் மறந்துபோச்சு போல, பாவம், என்றார். முந்தின முடிவுதான் கனம் என்று மருந்துக்கடைக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். மாமா அன்று மேடையை விட்டு இறங்காமல், மடித்த துணிகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா கையிலிருந்த சட்டையோடு அசையாமல் நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

தையல்காரம்மாவின் கால் சரியாகி, அவர் வேடம் அவருக்கே திரும்பிப் போயிற்று. அக்கா தன் நாற்காலிக்குத் திரும்பினார். மறுபடியும் எல்லாருடைய வசனத்துக்கும் அவர் உதடு அசைந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது மாமா என்னிடம் புது நாடகம் ஒன்று கேட்டார். மொழிபெயர்ப்பு வேண்டாம், நீயே எழுது என்றார். அதில் அக்காவுக்கும் ஒரு வேடம் இருக்கட்டும் என்று, அவர் காதில் விழாதபடி சொன்னார். நான் எழுதத் தொடங்கினேன். அந்த வேடத்துக்கு மட்டும் சொற்களை அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினேன். க வேண்டாம், ப வேண்டாம், வரி நீளக் கூடாது.

ஒரு சாயங்காலம் ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது அக்கா என் கையிலிருந்த தாள்களை வாங்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் தன் பக்கங்களை மட்டும் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிசுகிசுக்கவில்லை.

"எனக்குன்னு வ... வழுக்கற வார்த்தையா எழுதாத. நாடகத்துல வர்றவளுக்கு என்ன தோணுதோ அதை எழுது. எவ்வளவு நீ... நீளமா இருந்தாலும் சரி. நான் வ... வந்து சேந்துக்கறேன்."